சத்தம் கூட்டிய வீடு

எங்கள் மாப்பிள்ளை அடிப்பதற்கு முன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். ரிமோட்டை எடுத்து அழுத்திக்கொண்டே இருப்பார். பாட்டுப் போட்டியோ, செய்தியோ, சோப்பு விளம்பரமோ, ஓடிக்கொண்டிருப்பது எதுவானாலும் வீடு அதிரக் கத்தும். அப்புறம் என் மகளின் தலைமுடியைப் பிடிப்பார்.

இது எனக்குத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, 2008-இல், சிதம்பரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கடலூரில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு அதுதான் பெரிய பட்டணம். வண்டிப்பாளையத்தில் ஒரே வரிசையாக ஐந்து வீடுகள், தலைக்கு மேல் சிமெண்ட் ஷீட், நடுவில் எல்லாருக்கும் ஒரு அடிபம்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி. ஒருவர் வீட்டுச் சுவர்தான் அடுத்தவர் வீட்டுக்கும் சுவர்.

எங்கள் வழக்கத்தில் மாமியார் மாப்பிள்ளை எதிரில் நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. எனக்கு இயல்பாகவே கூச்சம் ஜாஸ்தி. அதனால் அவர் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்ததும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பேச வேண்டியதைப் பேத்தி மூலம் பேசுவோம். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தால் இரண்டு பேரும் கதவிடம் பேசுவோம்.

"கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்லு" என்பார் அவர் அந்தப் பக்கம்.

"நாளைக்கிக் கொறைச்சிப் போடறேன்னு சொல்லு" என்பேன் நான் இந்தப் பக்கம்.

பக்கத்து வீட்டில் ஒரு பஸ் கண்டக்டரின் மனைவி இருந்தாள். சுவர் வழியாக இதைக் கேட்டுவிட்டு பம்படியில் என்னைப் பிடித்துக்கொள்வாள். "ஏன் பெரியம்மா, அந்தக் கதவுக்கு மாசச் சம்பளம் எதுனா போட்டுக் குடுங்களேன், பாவம்!"

டவுன்காரர்களுக்குக் காது மந்தம், அதனால்தான் டிவி இப்படிக் கத்துகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கதவில் சாய்ந்து உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். டிவியில் கூட்டம் கைதட்டியது. கதவு என் முதுகில் வந்து இடித்தது. திரும்ப இடித்தது. திறந்து பார்த்தால் என் மகள் கதவடியில் சரிந்து கிடந்தாள். உதடு கிழிந்து ரத்தம் தாவாங்கட்டையில் வழிந்தது. அவர் இடுப்பு பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டே செருப்பைத் தேடினார். டிவியில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மகள் என்னைப் பார்த்துச் சீறினாள். "கதவ ஏம்மா தொறந்த? அவுரு முன்னாடி வந்து நிக்கிற!"

அன்றைக்குப் பிறகு காதாலேயே பார்க்கக் கற்றுக்கொண்டேன். கடைசி வீட்டில் டிவி அலறினால், மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண் முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு தண்ணீருக்கு வருவாள். யாரோடும் பேச மாட்டாள். எங்கள் வீட்டு டிவி கூடும்போதெல்லாம் கண்டக்டர் வீட்டு டிவியும் கூடியது. அவளுமா அடி வாங்குகிறாள் என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எங்க வூட்டு ஆளா? அந்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கவே கை வலிக்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க வூட்டுல கூட்டுனா நானும் கூட்டிக்குவேன் பெரியம்மா. கேட்டா சோறு எறங்காது."

அடிக்கக் காரணம் வேண்டாம். குழம்பு ஆறியிருந்தாலும் அடி, சூடாக இருந்தாலும் அடி. ஒரு தடவை தோசைத் திருப்பியை அடுப்பில் காய்ச்சி முழங்கையில் வைத்தார். தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு தடவை சோற்றுப் பானையை அவள் மேல் கவிழ்த்தார். ஆனால் அதிகமாக அடி வாங்கியது வலது காதுதான். உள்ளங்கையை விரித்து அதிலேயே அறைவார். வர வர வலது பக்கம் நின்று கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை.

இவள் செத்துப்போவதற்குள் இவளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. "வாடி போயிடலாம்" என்று எத்தனையோ முறை கெஞ்சினேன்.

"போயி? ஏன் வந்தன்னு நாலு பேரு கேப்பாங்க. இன்னா சொல்ல?" என்பாள்.

2011 முடிகிற நேரத்தில் அந்தப் புயல் அடித்தது. எங்கள் கூரை ஷீட்டில் இரண்டு பறந்து தெருவில் விழுந்து நொறுங்கின. கரண்ட் கம்பங்கள் கரும்பு ஒடித்த மாதிரிக் கிடந்தன. நாள் கணக்காகக் கரண்ட் இல்லை. கம்பெனியும் ஓடவில்லை. மாப்பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒருவர் தும்மினால் ஐந்து வீட்டிலும் எல்லாருக்கும் கேட்டது. அந்த நாட்களில் அவர் கையை ஓங்கவே இல்லை. புயல் மனுஷனைத் திருத்திவிட்டது என்றாள் மகள். நானும் நம்பினேன். கேட்டுவிடுமே என்கிற பயம்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு மத்தியானம் நான் வாசலில் ஈரச் சருகைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தேன். பம்படியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். உள்ளே அவர் தண்ணீர் கேட்டார். மகள் வலது பக்கம் காட்டி உட்கார்ந்திருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டார். அப்புறம் எழுந்துபோய் ரிமோட்டை எடுத்தார்.

எடுத்ததைப் பார்த்ததுமே பேத்தி வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள். அவர் கறுத்துக் கிடந்த டிவியைப் பார்த்து அழுத்தினார். உள்ளங்கையில் தட்டிவிட்டு மறுபடியும் அழுத்தினார். கரண்ட் இல்லாததே கைக்கு மறந்துபோயிருந்தது.

கண்டக்டர் மனைவி பம்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே, காத்துலயே படம் ஓடுதா?"

பெண்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. ரிமோட்டை மகளின் தலையில் அடித்தே உடைத்தார். முடியைச் சுற்றிப் பிடித்து அவள் தலையை நிலைப்படியில் மோதினார். முதல் முறையாக அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. பம்பு அடிக்கிற சத்தம் நின்றுபோயிற்று.

நான் எப்போது உள்ளே போனேன் என்று தெரியவில்லை. அவர் எதிரில் நின்றேன்.

"அத்த, வெளிய போங்க" என்றார். இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு.

கையிலிருந்த துடைப்பத்தால் முகத்திலேயே அடித்தேன். ஈர்க்குச்சி கன்னத்தில் கோடு கிழித்தது. இன்னும் அடித்தேன். அவர் என் அடிவயிற்றில் உதைத்தார். கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு உள்ளே ஒடிந்தது எனக்கே கேட்டது.

அதற்குள் பம்படியே உள்ளே வந்துவிட்டது. கண்டக்டர் மனைவி தண்ணீரோடு குடத்தைத் தூக்கி அவர் முதுகில் போட்டாள். அவர் குப்புற விழுந்தார். அதன்பின் அடித்தவள் கடைசி வீட்டுப் பெண்தான். பேசாமல், மூச்சு வாங்க, இரண்டு கையாலும் குத்தினாள். அவர் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியும் நிறுத்தவில்லை. அவள் மனதில் யாரை அடித்தாளோ. மூன்று பேர் சேர்ந்து பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

"வுடுங்கக்கா, செத்துடப் போறாரு" என்றாள் மகள். அவ்வளவுதான், இவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. புறங்கையால் துடைத்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செதம்பரத்துக்கு பஸ் வுட்டுட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஓடலன்னா எங்க ஆள இழுத்தாந்து ஓட்ட வெக்கிறேன், நீ கெளம்புடி" என்றாள் கண்டக்டர் மனைவி.

வழியெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. சிதம்பரத்தில் இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜனம் நெருக்கியது. டாக்டர் சின்னப் பெண். மெதுவாக ஏதோ கேட்டாள். மகள் இடது காதைக் காட்டி, "இந்தப் பக்கம் கேளுங்க" என்றாள்.

"யாரும்மா அடிச்சது?"

"எம் புருஷன்." அவள் குரலின் அளவு அவளுக்கே தெரியவில்லை. வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள்.

பேத்தி முந்திக்கொண்டாள். "எங்க ஆயா அப்பாவ தொடப்பத்தாலயே அடிச்சாங்க!"

டாக்டர் என்னைப் பார்த்தாள். வெட்கம் தாங்காமல் வீங்கிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இத நான் போலீசுக்கு எழுதணும். எழுதட்டுமா?" என்று மகளிடம் கேட்டாள் டாக்டர்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

"எழுதுங்க டாக்டரம்மா. எங்க அம்மா அடிச்சதையும் சேத்தே எழுதிக்குங்க. திரும்பி அங்க போவ மாட்டேன்."