சுவருக்கு வெளியே ஒரு கல்லறை

அந்த மடத்து வாசலில் முதலில் கண்ணில் படுவது கதவல்ல. சுவருக்குள் பதித்த ஒரு மரப்பெட்டி. பீப்பாய்போல உருண்டையாக, ஒரு பக்கம் மட்டும் திறப்போடு இருக்கும். காய்கறியை வைத்துத் தள்ளினால் அச்சில் சுழன்று திறப்பு உட்பக்கம் போய்விடும். "இயேசுவுக்கே புகழ்" என்பாள் என் அத்தை. "மரியே வாழ்க" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். முகம் தெரியாது. சின்ன வயதில் எனக்கு அது மாயாஜாலமாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஓரிக்கை தாண்டிப் பாலாற்றங்கரையில் தனியாக நின்ற அந்தக் கன்னியர் மடத்தில் அவள் வாசல் சகோதரி. உள்ளே போன கன்னியர் சாகும்வரை வெளியே வருவதில்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட விரதம். சரி, அவர்களுக்கு அரிசி வாங்க, தபால் வாங்க, வைத்தியரைக் கூப்பிட வெளியே யாராவது வேண்டுமே? அதற்குத்தான் எங்கள் காலனிப் பெண்கள். பெரிய வீட்டுப் பெண்களைக் கடவுள் உள்ளேவரை அழைத்தார். எங்கள் பெண்களை மட்டும் வாசலோடு நிறுத்திக்கொண்டார். தெரு பார்த்து அழைக்கிற கடவுளை நான் அங்கேதான் பார்த்தேன்.

கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. யாரோ ஒரு வெள்ளைக்காரச் சாமியார், சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காய்த் தண்ணீரும் விட்டு அரைக்கச் சொல்லிக் கட்டியது. அரைத்தவர்கள் எங்கள் முன்னோர். நடுவே முற்றம், கிணறு, சுற்றிலும் வளைவு வளைவாகத் தாழ்வாரம். கோயில் மட்டும் 'ட' எழுத்துப்போல மடங்கியிருக்கும். மூலையில் பீடம். ஒரு கை கன்னியருக்கு. அங்கே இரும்புக் கிராதியும் கறுப்புத் திரையும் உண்டு. மறு கை வெளியாட்களுக்கு. இரண்டு பக்கத்துக்கும் பீடம் தெரியும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அத்தை எங்களோடுதான் முழங்கால் போடுவாள். உட்கார்ந்து யோசித்து இதை வரைந்திருக்கிறார்கள், பாருங்கள்.

அத்தைக்கு ஒரே ஒரு ஆசை. முற்றத்துக்குப் பின்னால் கன்னியரின் கல்லறைத் தோட்டம் இருந்தது. அங்கே ஓர் இடம். "மதர் வாக்கு குடுத்துக்கிறாங்கபா. நான் உள்ளதான் படுப்பேன்" என்று எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். அவள் இறந்த அன்று சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குப் போனோம். பெரிய கதவு திறந்தது. மடத்துத் தலைவியான மதர் நிலைப்படிக்கு உள்ளேயே நின்று தீர்த்தம் தெளித்தார். கதவு மூடிக்கொண்டது. மடத்துச் சட்டம் இடம் கொடுக்கவில்லையாம். சுவருக்கு வெளியே பனைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தோம். அன்றிலிருந்து அப்பா பூசைக்குப் போகவில்லை.

இப்போது மடம் இல்லை. புதிதாகச் சேர ஆளில்லாமல், மிஞ்சிய இரண்டு மூன்று கிழவிகளும் வேறெங்கோ போய்விட்டார்கள். இடம் கல்யாண மண்டபத்துக்குக் குத்தகைக்குப் போய்விட்டது. நான் எலக்ட்ரீஷியன். வயரிங் வேலை என்னிடமே வந்தது. போன முதல் நாள், கிராதிக்குப் பின்னால் ஒரு கல்யாணப் பெண் பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தாள். "கன்னியாஸ்திரி மாதிரி கண்ண மூடிக்கோமா, செமயா இருக்குது" என்றான் போட்டோக்காரன். சீ என்று ஆகிவிட்டது.

உள்ளே இருந்த கல்லறைகளைத் தோண்டி, பாடல் பூசை வைத்து, நகரத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பனைமரத்தடி கார் நிறுத்துமிடம் ஆகப்போகிறது என்று மேஸ்திரி சொன்னார். மடத்துச் சொத்துக்களைப் பார்த்துக்கொள்ளும் சாமியாரிடம் ஓடினேன்.

"வெளிய இருக்கறது நம்ம பிளான்லயே இல்லப்பா" என்றார். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை போலும். "ஒண்ணு பண்ணலாம். இப்ப உள்ள எல்லாம் காலியாதான இருக்குது? உங்க அத்தைய அங்க கொண்டாந்து வெச்சிடு. மேல புல்லு போட்டுடுவாங்க. சிலுவை மட்டும் வேணாம், கல்யாணத்துக்கு வர்றவங்க பாத்தா நல்லா இருக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரிய உபகாரம் செய்துவிட்ட சிரிப்பு. எல்லோரும் எழுந்து போன பிறகு, எச்சில் இலைக்கு முன்னால் உட்காரச் சொல்வதுபோல. வேலையை அன்றே விட்டேன்.

அனுமதிக்கு அலைந்தது தனிக் கதை. எங்கள் காலனிக் கல்லறைக்கே அவளைக் கொண்டுபோக முடிவு செய்தோம். மண்ணை விலக்கி, எலும்புகளை எடுத்துப் புது வெள்ளைத் துணியில் வைத்தோம். வயதாகி நடக்க முடியாத அப்பா தரையில் உட்கார்ந்து துணியை மடியில் வாங்கிக்கொண்டார். "எழுந்திரு அக்கா, நம்ம ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

காலனிக் கல்லறைக்குச் சாமியாரும் வந்துவிட்டார், மண்டபத்துக்காரரின் காரில், தீர்த்தச் செம்போடு. அப்பா திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

"நீங்க வெளியவே நில்லுங்க சாமி."