நோபேட் அண்ணன் லாமினேற் செய்த விறகுவெட்டி

நோபேட் அண்ணன் கையில் அகப்பட்ட எதுவும் லாமினேற் ஆகாமல் தப்பியதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன், ஆனால் அன்போடு. வெள்ளவத்தையில் மீரா சாஹிப்பின் போட்டோகொப்பிக் கடையில் அவர் கடதாசியைப் பிளாஸ்ரிக்குக்குள் வைத்து ஒட்டும் லாமினேற்றிங் மெஷினுக்கு முன்னால் இருந்தார். நான் பக்கத்து மேசையில் டைப் அடித்தேன். பதினொரு வருடம். ஒரு மனிதரைப் பற்றிக் குறை சொல்ல அவ்வளவு காலம் தாராளம்.

அவருடைய பஸ் சீசன் டிக்கட் லாமினேற். அக்கா றோஸியின் லவ் கேக் செய்முறை லாமினேற். ஒரு குருத்தோலை ஞாயிறு கழிந்து கொட்டாஞ்சேனைக் கோயிலில் கொடுத்த ஓலைச் சிலுவையைக் கொண்டுவந்து மெஷினுக்குள் விட்டார். அது உள்ளே சிக்கிக் கருகி, பெரிய வெள்ளிவரைக்கும் கடை புகை மணத்தது. "நோபேட், இனி மனிசனைத்தான் நீங்க உள்ளுக்குப் போடல்ல" என்றார் மீரா சாஹிப்.

சிரிக்கிறோம், ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. தொண்ணூற்றாறில் அவர் அடையாள அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தார். கையில் இருந்தது அதற்குக் கொடுத்த துண்டு மட்டும். ஒரு நாள் மழையில் அது சட்டைப் பைக்குள் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. சோதனைச் சாவடியில் அவர் எடுத்து நீட்டியபோது அதில் ஓர் எழுத்தும் இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் காவல் நிலைய மர வாங்கில் குந்தியிருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கடதாசி என்றால் நனையப் போகிற கடதாசிதான். அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் பாதிப் பேருக்கு அதே பயம். பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பதிவு, கிராம சேவகர் கடிதம் என்று வரிசையில் நிற்பார்கள். நோபேட் அண்ணன் ஒவ்வொன்றையும் மெஷினிலிருந்து சூட்டோடு எடுத்துத் தன் சட்டையில் துடைத்துத்தான் கொடுப்பார்.

கலியாணம் செய்யவில்லை. மதியம் சாப்பிடும்போது என்னோடு கதைப்பார் என்று நினைத்தால், அதுவும் இல்லை. சோற்றோடு கதைப்பார். அப்படிப்பட்டவருக்கு ஐம்பதாவது வயதில் ஒரு சிநேகிதன் கிடைத்தான்.

சிவபாலன் மாடியில் இருந்த டிக்கட் ஏஜன்சியில் கணக்கெழுத வந்த யாழ்ப்பாணத்துப் பொடியன். பொடியன் என்றால் இருபத்தெட்டு வயது. கனடாவில் இருந்த அவனுடைய தம்பி அவனுக்கு ஒரு விளையாட்டுக் கார்ட் பெட்டி அனுப்பியிருந்தான். மந்திரவாதி, வாள்வீரன், பறக்கும் மீன் என்று படம் போட்ட நாற்பது கார்ட். பெட்டியில் நீளமான இங்கிலீஷ் பெயர். நாங்கள் கோட்டை என்போம், ஏனென்றால் எதிராளியின் கோட்டையை உடைத்தால் வெற்றி. தனியாக விளையாட முடியாது. அவன் விளையாடக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நோபேட் அண்ணன் மட்டும், "றூல் சொல்லித் தாங்க தம்பி" என்றார்.

இரண்டாயிரத்து ஆறு முழுக்க ஒவ்வொரு மதியமும் இருவரும் அரை மணித்தியாலம் கோட்டை உடைத்தார்கள். சோற்றுப் பார்சல் மூலையில் ஆறிக் கிடக்கும்.

சிவபாலனின் பெட்டியில் ஒரு கார்ட் மட்டும் வேறு மாதிரி. மற்றவற்றுக்கு முன்னால் படம், பின்னால் ஒரே மாதிரியான நீல முதுகு. இதற்கு முதுகே இல்லை. இரண்டு பக்கமும் படம். ஒரு பக்கம் பலம் இரண்டு உள்ள ஏழை விறகுவெட்டி, மறுபக்கம் பலம் ஆறு உள்ள கரடி. (கரடியாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. வேறொரு மிருகமாக இருந்திருந்தால் கொழும்பில் அதை யார் சட்டைப் பையில் கொண்டு திரிந்திருப்பார்கள்?) விறகுவெட்டியாகத்தான் அவனைக் களத்தில் இறக்க வேண்டும். நாம் விரும்பிய நேரம் கரடியாக்க முடியாது. எதிராளியிடம் ஓர் அடி வாங்கி, அந்த அடியோடு நம்முடைய அடுத்த முறை வரும்வரை சாகாமல் நின்றால், அப்போது புரட்டலாம். புரட்டினாலும் ஆள் அதே ஆள்தான். வாங்கிய காயம் அப்படியே இருக்கும். புதிதாக வந்தவனைப்போல் ஒரு முறை காத்திருக்கத் தேவையில்லை, உடனே அடிக்கலாம். களத்தை விட்டுத் திரும்பக் கைக்கு வந்தால் மட்டும் பழையபடி விறகுவெட்டி.

இதில் ஒரு சிக்கல். கார்ட் கட்டைக் கலைத்துக் கவிழ்த்து வைத்தால் முப்பத்தொன்பது நீல முதுகுக்கு நடுவே இவன் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். அடுத்து எடுக்கப்போவது அவனைத்தான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். இதற்கு அந்த இரண்டு கனவான்களும் கண்ட வழியைக் கேளுங்கள். மேலே விறகுவெட்டி தெரிந்தால் நோபேட் அண்ணன் தலையைத் தூக்கிக் கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்ப்பார். சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பான். "நான் காணேல்ல அண்ணை." "நானும் காணல்ல தம்பி." எனக்குச் சிரிப்பில் டைப் பிழைக்கும்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வருகிற சனிக்கிழமை நுகேகொடையில் கோட்டைப் போட்டி நடக்கப்போகிறது என்று சிவபாலன் துள்ளிக்கொண்டு வந்தான். கொழும்புக்கு வந்து மூன்று வருடத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. கட்டை மேசையில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினான். நோபேட் அண்ணன் விறகுவெட்டியை எடுத்து மூலை மடிந்திருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாயை எங்கே சும்மா வைத்தேன்?

"அதையும் லாமினேற் பண்ணிக் குடுங்களேன் நோபேட் அண்ணன்" என்றேன், பகிடிக்கு.

"நல்ல யோசனை டோரின்" என்றார்.

பகிடி என்று நான் சொல்வதற்குள் மெஷின் அவனை விழுங்கிவிட்டது. மறுபக்கத்தால் விறகுவெட்டி பளபளவென்று வந்தான். சட்டையில் துடைத்து, மூலைகளை வட்டமாக வெட்டி, பரிசு கொடுப்பதுபோல் சிவபாலனிடம் நீட்டினார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

"ஐயோ அண்ணை! என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" பொடியனுக்கு அழுகையே வந்துவிட்டது. "தட்டு மாதிரித் தடிச்சுப் போச்சு. கட்டுக்குள்ள இது எங்க கிடக்குதெண்டு கண் தெரியாதவனும் சொல்லுவான். போட்டியில ஆர் விடுவான்? இது இல்லாம நான் போய் என்னத்தை வெட்டுறது?"

நோபேட் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால், 'இவள்தான் சொன்னாள்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், நான் தாங்கியிருப்பேன். பார்க்கவில்லை. "பிழை என்ட பக்கம்தான் தம்பி" என்றார். நான் தட்டச்சுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு, வேறென்ன.

புதன்கிழமை சிவபாலன் சாப்பிடக் கீழே வரவில்லை. வியாழனும் இல்லை. படியில் காலடி கேட்டால் நோபேட் அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்துவார், அது வேறு யாராவதாக இருக்கும், திரும்பப் பிசைவார். அந்த மனிதருக்கு இருந்த ஒரே கூட்டாளியை என் வாய் துரத்திவிட்டது. ஆனாலும் மாடிக்குப் போய் உண்மையைச் சொன்னேனா? இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியோடு வந்து, சிவபாலன் எப்போதோ கொடுத்த றூல் தாளை எடுத்தார். எறும்பு எழுத்து. அதைப் பெருப்பித்து ஏ-த்ரீயில் பன்னிரண்டு பக்கம் கொப்பி அடித்தார். என்னிடம் இங்கிலீஷ் அகராதியை வாங்கினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் படித்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, "டோரின், இங்க வந்து பாரு" என்று கத்தியதில் வரிசையில் நின்ற ஒரு அம்மா சான்றிதழைத் தவறவிட்டார்.

பதினோராம் பக்கத்தில் இருந்தது. இரண்டு முகம் உள்ள கார்டுக்கு முதுகு இல்லாதபடியால் அதைக் கட்டுக்குள் கலக்கவே கூடாது. கலக்க வேண்டியது, அதற்குப் பதிலாக நிற்க அதோடு பெட்டியில் வரும் பதில் கார்டை. அதற்கு எல்லாரையும்போல நீல முதுகு. முன்னால் படமில்லை, பெயரும் ஒரு கட்டமும் மட்டும். கட்டத்தில் பேனையால் புள்ளடி போட்டுக் கட்டுக்குள் வைக்க வேண்டும். உண்மையான விறகுவெட்டி பக்கத்தில் தனியே இருப்பான். பதில் கார்ட் கைக்கு வந்து, அதை ஆடும் நேரம் அதை எடுத்துவிட்டு இவனைக் களத்தில் வைக்கலாம். தனியே இருப்பவன் தடித்திருந்தால் என்ன, பளபளத்தால் என்ன? ஒரு வருடம் ஃபேனைப் பார்த்ததும் கண்ணை மூடியதும் வீண்.

"பதில் கார்டுக்கு எங்க போறது?" என்றேன். "அவன் பெட்டி உடைச்ச அண்டைக்கே அதை விளம்பரம் எண்டு குப்பையில போட்டிருப்பான்."

நோபேட் அண்ணன் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். அச்சு உள்ள கடதாசியை அவர் ஒருநாளும் எறிய விட்டதில்லை. குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கிய பதில் கார்ட் அதற்குள் பத்திரமாக இருந்தது. அவர் கண் மெஷின் பக்கம் போனதை நான் கண்டேன். பாய்ந்து பறித்து என் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினேன்.

"நான் தொடல்லயே, டோரின்!"

"யோசிச்சீங்க!"

மத்தியானம் இருவரும் மாடிக்கு ஏறினோம். சிவபாலன் பதினோராம் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தான். பதில் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மன்னிப்பு அது இது என்று எதுவும் இல்லை. "நாளைக்கு நீங்களும் வாறியளோ?" என்று மட்டும் கேட்டான். நோபேட் அண்ணன் என்னைப் பார்த்து, "நீயும் வா" என்றார்.

சனிக்கிழமை நுகேகொடைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் சிவபாலனின் யாழ்ப்பாண விலாசத்தைக் கண்டதும் அவனை மட்டும் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். ஒரு சிப்பாய் பெட்டியைத் திறந்து விறகுவெட்டியை எடுத்தான். முன்பக்கம் பார்த்தான், புரட்டினான், கரடியைப் பார்த்தான். "மே தென்னா கவுத?" இவர்கள் இருவரும் யார் என்று கேட்டான்.

நோபேட் அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்தார். காவல் நிலைய வாங்கில் இரவு கழித்த அதே மனிதர்.

"தென்னம எக்கெனெக், சேர்." இரண்டும் ஒரே ஆள், சேர்.

"கொஹொமத?" அதெப்படி?

அதெப்படி என்று நோபேட் அண்ணனைக் கேட்கலாமா? அடி வாங்க வேண்டும், சாகாமல் நிற்க வேண்டும், பிறகு புரட்டலாம், காயம் போகாது என்று ஒன்றும் விடாமல் சிங்களத்தில் சொன்னார். பதினோராம் பக்கத்துக்கு வந்தபோது சிப்பாய், "ஹரி, ஹரி, யன்ன", சரி சரி போங்கள் என்று கார்டைச் சிவபாலன் கையிலேயே திணித்து அனுப்பிவிட்டான். பஸ்ஸில் ஏறியும் அவர் மிச்சத்தை எனக்குச் சொன்னார்.

போட்டியில் சிவபாலன் முதல் ஆட்டம் வென்றான், இரண்டாவதில் தோற்று வெளியே வந்தான். வென்ற ஆட்டத்தில் விறகுவெட்டி அடி வாங்கி நின்று புரண்டபோது, பிளாஸ்ரிக் மேசையில் பட்டுப் படார் என்று கேட்டது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. நோபேட் அண்ணன் நாலு பக்கமும் தலையாட்டினார், தான் செய்த வேலை என்று.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "சிவபாலன், அதை லாமினேற் பண்ணச் சொன்னது நான்தான். அவர் வாய் திறக்கல்ல. நானும் திறக்கல்ல."

அவன் நோபேட் அண்ணன் பக்கம் திரும்பினான். "ஏன் அண்ணை சொல்லேல்ல?"

"மெஷினுக்குள்ள விட்டது என்ட கைதானே தம்பி. அவள் சும்மா பகிடி விட்டவள்." பிறகு என்னைப் பார்த்து முறைத்தார். "நீ என்னத்துக்கு இப்ப இதைக் கிளறுறாய்?"

திங்கட்கிழமை மதியம் கரண்ட் போய்விட்டது. மெஷினும் இல்லை, வெளிச்சமும் இல்லை. படியில் காலடி கேட்டது. நோபேட் அண்ணன் பிசைவதை நிறுத்தினார். சிவபாலன் வந்து சோற்றுப் பார்சலை ஓரமாய்த் தள்ளிவிட்டுக் கட்டைக் கலைத்து வைத்தான். நாற்பதும் நீல முதுகு. இனி ஒருவரும் எதையும் காணாததுபோல் நடிக்கத் தேவையில்லை.

சிவபாலன் மேல் கார்டை எடுக்கக் கையை நீட்டினான். நோபேட் அண்ணன் தலையைத் தூக்கி, சுற்றாமல் நின்ற ஃபேனைப் பார்த்தார். சிவபாலனும் கண்ணை மூடிக்கொண்டான்.