மணந்து பார்க்காத மரம்

பூத்த மரத்தை நெருங்கும்போது கார்த்திகேசர் மூச்சை அடக்கிக்கொள்வார். கன்னம் இரண்டும் உப்பும். கண் மட்டும் இதழ்களை ஆராயும். பின்வாங்கிய பிறகுதான் மூச்சு வெளியே வரும். இல்ஃபோர்டுக்கு அப்பால் உள்ள அந்தப் பூமரக் கடையில் வேலை செய்பவர்கள் அவருக்கு ஆஸ்துமா என்று நினைத்திருக்கிறார்கள்.

விஷயம் வேறு. சாமிக்கு வைக்கிற பூவை முதலில் மனிதர் முகரக்கூடாது. அவர் தேடுவதோ, வாசலில் நட்டுப் பிள்ளையாருக்குப் பறிக்க ஒரு சின்ன மரம். ஊரில் பறித்த செவ்வரத்தை, அதாவது செம்பருத்தி, இந்தக் குளிரில் நிற்காது. வேறு பூவென்றால், வாசனையில்லாததற்கு அவர் சம்மதிக்க மாட்டார். வாசனை இருக்கிறதா என்று பார்க்கவும் மாட்டார். ஆகவே பிறரைக் கேட்பார். கடைப்பெண் கிளையை வளைத்து ஆழ முகர்ந்து, தேன் மாதிரி இருக்கிறது என்பாள். அவர் நன்றி சொல்லிவிட்டு மனைவி தவநாயகியிடம் கிசுகிசுப்பார்: "அந்தப் பிள்ளை மணந்திட்டுது. இனி இது சரிவராது."

"அவ மணந்தது ஒரு பூவையப்பா. மரத்தையோ?"

"மரம் ஒண்டுதானே."

இதற்குத் தத்துவத்தில் பதில் உண்டு. தவநாயகிக்கு முழங்கால் வலி.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் கார்த்திகேசர். பச்சை விளக்கையும் ஒருமுறை சந்தேகித்தே கடந்தவர். ஆனால் இந்தச் சனிக்கிழமையோடு கெடு முடிகிறது. திங்களன்று வாசல் மண்ணில் கல் பதிக்க ஆள் வருகிறது. மகன் சுஜீத்தின் காருக்கு இடம் வேண்டும். "மரம் நட்டா விடுறன் அப்பா. இல்லாட்டி கல்லுத்தான்" என்று அவன் சொல்லிவிட்டான்.

மக்னோலியாவின் முன்னால் நின்றார். "வடிவுதான். ஒரு பனி விழுந்தா எல்லாம் மண்ணிறமாப் போயிடும். பிள்ளையாருக்கு அவிஞ்ச பூவோ?"

செர்ரியிடம் போனார். "பூவெல்லாம் நிலத்தைப் பாத்துத் தொங்குது. சாமியை நிமிந்து பாக்காத பூ."

கிராப் ஆப்பிள் குளிருக்கு அசையாது; சற்றுப் பிந்திப் பூப்பதால் பெரும்பாலும் பனிக்குத் தப்பிவிடும். கோலிக்குண்டு போலப் பழமும் தரும். அதில் குறை எதுவும் அகப்படவில்லை. அதுவே அவரைக் கலவரப்படுத்தியது.

"அடுத்த கிழமையும் ஒருக்கா வந்து பாப்பம்."

"அடுத்த கிழமை உங்கடை வாசலிலை கல்லுத்தான் பூக்கும்."

தவநாயகி கிராப் ஆப்பிளில் ஒரு கொத்தைப் பறித்தார்.

"இஞ்சாரும், இன்னும் காசு குடுக்கேல்லை!"

தவநாயகி கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்து, கொத்தைக் கொண்டையில் செருகிக்கொண்டார். "இந்த மரம் எனக்கு. உங்கடை பிள்ளையாருக்கு வேணுமெண்டா மிச்சத்திலை குடுக்கிறன்."

கார்த்திகேசர் மரத்தைப் பார்த்தார். கொண்டையைப் பார்த்தார். பிறகு போய்த் தள்ளுவண்டியை இழுத்து வந்தார்.

காசு கட்டும் வரிசையில் தவநாயகி முன்னே, அவர் பின்னே. வரிசை நகரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சற்றே குனிந்து, மனைவியின் கொண்டையருகே மூச்சை ஆழ உள்ளே இழுத்தார்.