பேய் காய்ச்சிய பால்

திரையில் அடுப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டதும் செல்லியம்மா மடியிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துவிடுவாள். தனக்கு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு ஒன்று. "வாயில போட்டுக்கோ. வாய் மென்னுக்கினு இருந்தா மனசு பயப்படாது" என்பாள். சித்தூரில் அந்தப் படம் மேட்னி ஓடிய நாட்களில் பக்கத்தில் இருக்கும் ஆள்தான் மாறியதே தவிர, முறுக்கும் மாறவில்லை, வார்த்தையும் மாறவில்லை.

முறுக்கு தீர்வதற்குள் அந்தக் காட்சி முடிந்துவிடுமா என்றால் முடியாது. படம் அப்படி. சின்ன முதலீட்டில் எடுத்த தெலுங்குப் படம். பெரிய நடிகர் கிடையாது, பாட்டு கிடையாது, பேய்க்கு முகம்கூடக் கிடையாது. முகம் வைக்கப் பணம் போதவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு. யாருமில்லாத சமையலறையில் அடுப்பு தானாகப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் ஒரு குண்டான் பால். கேமரா அந்தக் குண்டானையே பார்த்துக்கொண்டு நிற்கும். பால் சூடேறி, ஓரத்தில் நுரை கட்டி, மெல்ல எழும்பி, பொங்கி வழிகிறவரைக்கும் நகராது.

சித்தூர் இளவட்டங்களுக்கு இந்த இடம் பொறுக்காது. "ரேய், கேஸ் அயிபோத்துந்திரா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்துவான். சிலிண்டர் தீர்ந்துவிடப் போகிறதே என்கிற அவன் கவலைக்கு அரங்கமே சிரிக்கும். சிலர் டீ குடிக்க எழுந்து போவார்கள். ஆனால் செல்லியம்மா ஊரிலிருந்து வந்த பெண்கள் மட்டும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

காரணம் இதுதான். அந்தச் சமையலறை செல்லியம்மாவுடையது. கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் அவளும் அவள் புருஷன் ஏழுமலையும் கட்டிய வீடு. கட்டி முடித்துப் பச்சை வண்ணம் பூசி, பால் காய்ச்சாமல் வைத்திருந்தார்கள். புது வீட்டில் முதல் பால் பொங்கினால்தானே குடிபோனதாக அர்த்தம்? அந்த முதல் பாலைப் பேய் பொங்க வைத்துவிட்டது. அதுவும் ஆகாத தெற்குப் பக்கமாக வழிய விட்டிருந்தது.

ஏழுமலையும் செல்லியம்மாவும் அடுத்தவர் கரும்புத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். பூட்டு சாவி என்ற ஒன்றே அவர்களுக்கு ரொம்ப நாள் தேவைப்பட்டதில்லை. மகன் ரமணா குவைத்துக்கு டிரைவராகப் போன பிறகுதான் பழைய சிமெண்ட் ஷீட் வீட்டுக்குப் பக்கத்திலேயே இந்த மாடி வீடு எழுந்தது. அவன் லீவில் வந்ததும் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. அதுவரை செல்லியம்மா தினமும் காலையில் பூட்டைத் திறந்து கூட்டித் துடைத்துவிட்டு, மறுபடி பூட்டிவிட்டு ஷீட் வீட்டுக்கு வந்து சமைப்பாள்.

அப்போதுதான் சினிமாக் கம்பெனி மேனேஜர் ரங்கையா வந்தார். ஆள் குடியேறாத புது வீடுதான் வேண்டும் என்று நாலு ஊர் சுற்றியிருக்கிறார். "இல்லு பாகா சூப்பிஸ்தாமம்மா" என்றார். வீட்டை நன்றாகக் காட்டுகிறோம் என்று சொன்ன பிறகு எந்தத் தாய் மறுப்பாள்? மகனுடைய உழைப்பு ஊர் ஊராகத் தெரியப்போகிறது என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். என்ன கதை என்று கேட்கவில்லை. குடும்பப் படமாக இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். இப்போது யாராவது அதைக் கேட்டுச் சீண்டினால், "வூட்ட நல்லா காட்டுறோம்னாங்க, காட்டுனாங்க. கூட ஒரு பேயும் காட்டுனாங்க, நான் இன்னா பண்றது?" என்பாள்.

படம் முதலில் திருப்பதியில்தான் வந்தது. திருச்சானூர் தாயாரைச் சேவித்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, தன் ஓரகத்தி ருக்மணியைக் கூட்டிக்கொண்டு பெருமையாகப் போய் உட்கார்ந்தாள். பால் பொங்கியபோது ருக்மணி, "யக்கோவ், நம்ம காச்சறதுக்குள்ள அது காச்சிடுச்சே!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். ஊர் திரும்பியதும் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே ஆரம்பித்தாள். மறுநாளே அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது பெண்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடந்தார்கள். ரமணாவின் லீவுக்கு ஏற்ற மாதிரி பால் காய்ச்சும் நாளும் குறித்தாகிவிட்டது. ஆனால் அழைக்கப்பட்டவர்கள் எல்லாரும் வாசலோடு நின்றுகொள்வதாகவும், உள்ளே மட்டும் கூப்பிடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

மகன் வரும் நாளில் வீடு நிறைய ஆள் இருக்க வேண்டும். செல்லியம்மா ஆசைப்பட்டது அவ்வளவுதான். அது நடக்காது போலிருந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் மந்திரவாதியைத் தேடியிருப்பாள். இவள் பஸ்ஸைத் தேடினாள். படம் சித்தூருக்கு வந்தது நல்லதாகப் போயிற்று. அழைக்கப் போகும் வீட்டில் வெற்றிலை பாக்குக் கொடுத்த கையோடு, "பொறப்படு, மேட்னிக்கி போலாம்" என்று ஆளைக் கிளப்பிவிடுவாள். அந்த நிதானமான படத்தில் அவள் விளக்கம் சொல்ல இடத்துக்குப் பஞ்சமில்லை. "தோ ஆடுது பாரு ஜன்னல் ஸ்க்ரீனு, அதுக்குப் பின்னால ஒரு ஆளு குந்திக்கினு தும்மிக்கினு கீறான்." "இந்த நிழலு பேயி இல்லடி, எங்க ஊட்டுக்காரரு. வெளிய போவ சொன்னா ஜன்னலாண்ட போய் நின்னாரு." அந்த ஊட்டுக்காரர் ஏழுமலை ஒரே ஒருமுறை படத்துக்கு வந்தார். பெயர் போடும்போது தூங்கியவர், விளக்குப் போட்டதும் எழுந்து, படம் நல்லா இருக்கு என்றார்.

முதலில் முன்வரிசைக்காரர்கள் திரும்பி உஷ் என்றார்கள். பிறகு பயந்த சுபாவமுள்ள வெளியாட்கள் சிலர் அவளைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களுக்கும் முறுக்கு உண்டு.

பால் விஷயத்தில்தான் வாதம் நீண்டது. "அது பாலே இல்ல. அரிசி மாவு கரைச்ச தண்ணி. சோப்புத் தூள் போட்டு நொரை வர வச்சாங்க. நான் கிட்ட நின்னுக்கினு பாத்தேன்" என்று செல்லியம்மா எத்தனை முறை சத்தியம் செய்தாலும் கேட்டவர்கள் அரை மனதாகத்தான் தலையாட்டினார்கள். கடைசியில் ருக்மணியையே கெஞ்சி இழுத்து வந்தாள். முறுக்கை வாயில் அடக்கிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் திரையைப் பார்த்த ருக்மணி திடீரென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"யக்கோவ்! அது என் குண்டான்! கழுத்தாண்ட சொட்டை கீது பாரு! சமைக்கிறதுக்குன்னு வாங்கிக்கினு போய் இதுக்கா குடுத்த? அதான் ஒரு வாரம் சோத்துல சோப்பு வாசனை போவல!"

அரங்கம் கைதட்டியது. பயம் போன இடம் தெரியவில்லை. வந்திருந்தது முழுக்கக் கோபம்தான். பேயை ஊருக்குள் கொண்டு வந்தவளே அன்று சாயங்காலம் குண்டானைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொட்டையைக் காட்டி அதை விரட்டினாள்.

இதெல்லாம் மற்றவர்கள் பயந்த கதை. செல்லியம்மா பயப்படும் காட்சி ஒன்றும் அந்தப் படத்தில் உண்டு. அது பேய் வராத காட்சி. இடைவேளைக்குப் பிறகு உள் அறையைக் காட்டுவார்கள். ரமணாவுக்காக வாங்கிப் போட்ட கட்டில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, ஓடாத மின்விசிறி. ஒன்றுமே நடக்காது. சனங்கள் கொட்டாவி விட்டு, கொத்தாக எழுந்து வெளியே போவார்கள். வாய் ஓயாத செல்லியம்மா அப்போது பேசமாட்டாள். முறுக்கு கையிலேயே இருக்கும். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள். குண்டானுக்காகச் சண்டை போட்டு ஓய்ந்த ருக்மணி அன்று அதையும் பார்த்தாள். பார்க்காதவள்போல் இருந்துவிட்டாள்.

ஏழுமலையிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்: "பேயி வந்தா கூட தேவல போல கீது. அந்த ரூம்புல யாரோ கீறாங்கன்னாவது ஆவும்."

பால் காய்ச்சுவதற்கு முந்தின வாரம் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்தது. "மா, மொதலாளி லீவு குடுக்கல. வச்ச நாளை மாத்தாத. நீயும் நைனாவும் காச்சிடுங்க. அடுத்த வருசம் கண்டிப்பா வரேன்." செல்லியம்மா, "சரி கண்ணு, வேளைக்கி துன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். அழுதாளா என்று பூத்காரருக்கும் தெரியாது. மறுநாள் வழக்கம்போல ஒருத்தியை மேட்னிக்குக் கூட்டிப்போனாள்.

பால் காய்ச்சிய நாளில் வாசலோடு யாரும் நிற்கவில்லை. குண்டான் விஷயம் தெரியாத பக்கத்து ஊர்க்காரர்கள்கூட சினிமாவில் வந்த சமையலறையைப் பார்க்க வந்துவிட்டார்கள். சொட்டை விழுந்த அதே குண்டானில் நிஜப் பால் ஊற்றினார்கள். ருக்மணியின் பிடிவாதம் அது. பால் எழும்பும்போது யாரோ ஒரு பையன் தெலுங்கில், கேஸ் தீர்ந்துவிடும் என்று கத்த, எல்லாரும் சிரித்தார்கள். கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. செல்லியம்மா வாயெல்லாம் பல்லாக நின்றாள். அவள் ஆசைப்பட்டபடியே வீட்டில் கால் வைக்க இடமில்லை.

பிறகு அறை அறையாக மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூடத்தில் தெளித்தாள், சமையலறையில் தெளித்தாள். உள் அறையின் மூடிய கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றாள். பின்னால் வந்த கூட்டமும் நின்றது. "போம்மா, உள்ள போ" என்றார் ஏழுமலை. அவள் போகவில்லை.

ருக்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து, பாதியாக உடைத்து, செல்லியம்மாவின் வாயில் வைத்தாள். "மெல்லுக்கா" என்றாள். மறு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் கதவைத் தள்ளினாள்.