பூங்காவனத்துக்கு ஏறிய ரத்தம்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுப் பூங்காவனத்துக்கு 1993-இல் வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். புருஷன் உத்தமன் ஊருக்குச் சொன்னது அல்சர். மகள் வடிவை, அவரோடு ஃபாக்டரியில் வேலை பார்க்கும் திருநின்றவூர் கஜபதியின் மகனுக்குப் பேசி முடித்திருந்த நேரம். உண்மை தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும் என்று பயம். அல்சர் என்றதும் நாங்கள் சும்மா இருப்போமா? காரமில்லாத கஞ்சியும் மோருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். டாக்டரோ ரத்தம் ஊற அவளை ஈரல் சாப்பிடச் சொல்லியிருந்தாராம். ஈரல் வாசனை வெளியே வந்தால் குட்டு உடைந்துவிடும் என்று, எங்கள் கஞ்சியையே குடித்தாள்.

தினமும் ரயிலேறிப் போய்க் கரண்ட் வைத்துக்கொண்டு வந்தாள். கதிர்வீச்சை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒருநாள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா உத்தமனைக் கடிந்துகொண்டார்.

"கட்டிக்குள்ள பிராணவாயு இருந்தாத்தான் கரண்ட் அதை நல்லாக் கொல்லும். கட்டி சுருங்கச் சுருங்க உள்ள இன்னும் பிராணவாயு போகும். அதைக் கொண்டுபோறது ரத்தம். இவங்க உடம்புல அதுவே இல்ல. ரத்தம் குடுக்க ஆளைக் கூட்டிட்டு வாங்க."

உத்தமனுக்கு மஞ்சள் காமாலை வந்த உடம்பு. அவர் ரத்தம் வேண்டாம் என்றுவிட்டார்கள். வேறு யாரையும் அவர் கேட்கவில்லை. அல்சருக்கு எதற்கு ரத்தம் என்பார்களே.

மறுநாள் குழாயடியில் பூங்காவனம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அல்சர் இல்லக்கா. கர்ப்பப்பைல கேன்சர். ரத்தம் வோணும்."

கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் மோரை ஊற்றியே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

அன்றே ஃபாக்டரி முழுக்கத் தெரிந்துவிட்டது. ரத்தம் ஏறிய பிறகு வைத்த கரண்டில்தான் கட்டி நன்றாகச் சுருங்கியது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் பாட்டிலைப் பற்றி.

முதல் ஆளாகப் போய் ரத்தம் கொடுத்தவர் கஜபதி. கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே, ரத்தம் ஏற்ற அவளைப் படுக்கவைத்திருந்த வார்டுக்கு வந்தார்.

"இன்னும் ஆளுங்க வந்துகினு கீறாங்க தங்கச்சி. நீ பயப்படாத."

பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்திக்கொண்டார்.

"சம்பந்தம் மட்டும் வாணாம். ஊட்ல ஒத்துக்க மாட்டேன்றாங்க."

பூங்காவனம் தலையாட்டினாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, உடம்பே மரத்துப்போயிருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். அவள் கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் கொடுத்தால், அதற்கு ஈடாக ரத்த வங்கியில் இருப்பதையும் எடுத்து ஏற்றுவார்கள். அது அவருடையதா, வேறு யாருடையதா என்று கேட்கக்கூடத் தோன்றவில்லையாம்.

"ரத்தம் குட்த்துட்டு வெறும் வயித்தோட போவாதீங்கண்ணா," என்றாள். "ஒரு டீயாவது குட்ச்சிட்டுப் போங்க."