டைல் சுவரில் ஒரு தீவு

சிட்னிப் படகுத்துறைச் சுவரை அப்போதுதான் கழுவியிருந்தார்கள். ஈர டைலில் கை வைத்ததும் பழைய குளிர் ஏறியது. ஒரு தீவில் முன்பிருந்த கேளிக்கைப் பூங்காவை அதில் வரைந்திருக்கிறார்கள்: இராட்டினம், சறுக்குமரம், குடை பிடித்த பெண்கள்.

எழுபதுகளில் நாங்கள் இங்கு வந்த புதிதில் எனக்கு ஐந்து வயது. வேலைக்குப் போகும் அப்பாவை வழியனுப்ப அம்மாவும் நானும் துறைக்கு வருவோம். ஒருநாள் படத்தைக் காட்டி, "அங்கை போவமா?" என்றேன்.

"அந்தத் தீவிலை இப்ப ஒண்டுமில்லை, பிள்ளை" என்றபடி அப்பா படகுக்கு நடந்தார்.

அவருடைய மூச்சிழுப்பு மருந்து அம்மாவின் பையிலேயே இருந்தது. வெளிக்கிட்டவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். "இராட்டினத்திலை கையை வைச்சுக்கொண்டு நில், வாறன்" என்றுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து ஓடினார். படகுக்காரர் கயிற்றை அவிழ்ப்பதைக் கண்டேன். "அம்மா" என்ற சத்தம் தொண்டைவரை வந்தது. எனக்குத் தெரிந்தது அம்மாவின் முதுகுதான்; சத்தத்தை விழுங்கிவிட்டேன். அம்மா ஏறியதும் படகு நகர்ந்தது, அந்த ஒன்றுமில்லாத தீவுக்குத்தான் என்று நினைத்தேன். உள்ளங்கையின் கீழ் டைல் சூடாகும்வரை நின்றேன்.

அடுத்த படகில் திரும்பிய அம்மா என்னை இறுக்கிப் பிடித்து, "ஏன் பிள்ளை கூப்பிடேல்லை?" என்று கேட்டார்.

"கூப்பிடக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

இப்போது என் மகள் படகை நோக்கி நடக்கிறாள். அப்பாவின் இழுப்பு அவளுக்கும் உண்டு. மருந்து என் பையில் கிடக்கிறது. ஒருமுறை கூப்பிட்டால் திரும்புவாள். வாயைத் திறந்தேன். பிறகு ஓடினேன்.