டோர்கில் வாய் திறந்த இடம்

டோர்கிலைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை. டென்மார்க்கில் ஜட்லாந்தின் மேற்குக் கரைக்காரர்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். வீடே பற்றி எரிந்தாலும் "லேசாப் புகையுது" என்பார்கள். இவன் அதையும் சொல்ல மாட்டான். மாணவர் விடுதியில் எனக்கும் அவனுக்கும் பொதுச் சமையலறை. முதல் மாதம் முழுக்க அவன் என்னிடம் பேசியது, "வீகா, அது என்னோட பால்" என்பது மட்டும்தான்.

மற்ற பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு. எழுதித் தள்ளிவிடுவான். கணினியின் உள்ளமைப்பையும் அசெம்பிளி என்ற அடிமட்ட நிரல்மொழியையும் சொல்லித்தரும் பாடத்துக்குத்தான், பாழாய்ப்போன வாய்மொழித் தேர்வு. பச்சைத் துணி விரித்த மேசையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். வந்த தலைப்பைப் பற்றி ஆசிரியர் முன்னாலும், வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் இன்னொரு தேர்வாளர் முன்னாலும் பேச வேண்டும். பேசு என்றால் அவன் எங்கே போவான்? முதல் தடவை தன் பெயரைச் சொன்னதோடு சரி. இரண்டாம் தடவை கூஜாவில் இருந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு எழுந்து வந்தான். மூன்று வாய்ப்புகள்தான். மூன்றாவதும் போனால் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். மேலும் ஒரு வாய்ப்பு கேட்க மருத்துவச் சான்று வேண்டும். கூச்சத்துக்கு எந்த மருத்துவர் சான்று தருவார்?

பாடம் தெரியாதவனாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சமையலறை மேசையில் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து, கணினி கணக்குப் போடும்போது எண்ணை வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டளைக்கும் எந்தக் கட்டத்தில் என்ன மாறுகிறது என்று பொறுமையாக அழித்து அழித்து எழுதுவான். நான் முந்திய வருடமே தேறியவள். தேறிய மறுவாரமே பாதியை மறந்தும் போனவள்.

"நான்தான் தேர்வாளர். சொல்லுடா" என்று எதிரே உட்காருவேன்.

"நீ அப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டா எனக்கு வராது வீகா."

"எப்படி வச்சிருக்கேன்? கடவுள் குடுத்தது இதுதான்டா. வேணும்னா அவர்கிட்டப் போய் மாத்திக் குடுக்கச் சொல்லு."

சிரிப்பான். சிரித்துவிட்டு, மறுபடியும் ஊமையாகிவிடுவான். அவனை உலுக்கிவிடலாமா என்று வரும். உலுக்கினால் வார்த்தை உதிருமா?

தேர்வுக்கு உள்ளே போனவர் வரும்வரை, உறவும் நட்பும் கேக்கோடு நடைபாதையில் காத்து நிற்பது எங்கள் டேனிஷ் வழக்கம். இந்த மூன்றாம் தடவைக்கு ஒருத்தரும் வரக்கூடாது என்று டோர்கில் கறாராகச் சொல்லியிருந்தான். நான் போனேன். அவன் அம்மா விபெக்கெயும் வந்துவிட்டாள். கடற்கரையில் வாடகைக்கு விடும் கோடை வீடுகளைச் சுத்தம் செய்பவள். கேக்கின் மேல் குட்டிக் குட்டித் தேசியக் கொடிகளைக் குத்தி, ரயில் மாறி மாறி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"வராதன்னான். பெத்தவளுக்கு இருப்புக் கொள்ளுமா? நீயே சொல்லு" என்றாள்.

நேரம் முடிந்து டோர்கில் வெளியே வந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மதிப்பெண்ணைப் பேசி முடிக்க, உள்ளே தேர்வாளர்கள் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"என்னடா கேட்டாங்க?" என்றாள் விபெக்கெ.

"ஃபங்ஷன்னு ஒரு சின்ன நிரல்துண்டு இருக்கும்மா. அது இன்னொண்ணைக் கூப்பிடும்போது எதையெல்லாம் பத்திரப்படுத்தணும், ஏன்னு கேட்டாங்க. நாக்கு ஒட்டிக்கிச்சு."

"எனக்குச் சொல்லேன். எனக்கென்ன புரியவா போகுது, சும்மா சொல்லு."

சொன்னான். "ரெஜிஸ்டர் கொஞ்சம்தான் இருக்கு, எல்லாருக்கும் பொது. நீ சுத்தம் பண்ற வீடு மாதிரிம்மா. வாடகைக்கு வர்றவன் வீட்டுக்காரங்க அலமாரியத் தொடலாம். ஆனா அதுல இருந்ததை எடுத்துப் பத்திரமா அடுக்கி வச்சுட்டுத்தான் தொடணும். கிளம்பும்போது கடைசியா அடுக்கினதை முதல்ல எடுத்து, பழையபடியே திருப்பி வைக்கணும். இல்லேன்னா வீட்டுக்காரன் திரும்பி வந்து சர்க்கரைன்னு நெனச்சு உப்பை அள்ளிப் போடுவான். முக்கியமா, வேலை முடிஞ்சு எங்க திரும்பிப் போகணும்ங்கற முகவரி. அது ஒரே ஒரு ரெஜிஸ்டர்லதான் இருக்கும். நாம இன்னொருத்தனைக் கூப்பிட்ட உடனே அதுமேல புது முகவரி விழுந்துடும். அதனால கூப்பிடறதுக்கு முன்னாடியே அதை ஸ்டாக்குங்கற அடுக்குல, ஒண்ணுமேல ஒண்ணா வைக்கற இடத்துல, வச்சிடணும். வைக்கலேன்னா, திரும்பிப் போக வழி தெரியாம அங்கேயே சுத்திச் சுத்தி வரும்."

"அட, இவ்வளவுதானா! எனக்கே புரியுதேடா" என்றாள் அம்மா.

அத்தனையும் சரி. நான் தேறியபோதுகூட இதில் பாதி சொல்லவில்லை. கதவை இடிக்கக் கை ஓங்கினேன். டோர்கில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் வீகா. நேரம் முடிஞ்சுது."

கதவு திறந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். போன வேகத்தில் வெளியே வந்துவிட்டான், பின்னாலேயே அவர்களும் வந்தார்கள். "பூஜ்யம் பூஜ்யம்" என்றான். தேறவில்லை என்று அர்த்தம்.

விபெக்கெ கேக்கை என் கையில் திணித்துவிட்டு ஆசிரியர் பிரேபெனின் முன்னால் போய் நின்றாள். "இப்பதான் எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னான். இன்னொரு தடவை கேளுங்களேன். இவளும் நின்னு கேட்டுக்கிட்டிருந்தா, இவளைக் கேளுங்க!"

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்களுக்கும் கேட்டுச்சு. கதவு அவ்வளவு மெல்லிசு. பேச்சை நிறுத்திட்டு முழுசாக் கேட்டோம். இன்னிக்கு வந்ததுல யாருமே இவ்வளவு தெளிவாச் சொல்லல."

"அப்புறம் என்ன? மார்க்கைப் போடுங்க!"

"மேசை முன்னாடி சொன்னதுக்குத்தான்மா போட முடியும்" என்றாள் அந்த அம்மாள்.

என் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. யாரைத் திட்டுவது? பிரேபெனின் கண்கூடச் சிவந்திருந்தது.

டோர்கில் அவரிடம் கையை நீட்டினான். "நீங்க நல்லாத்தான் சொல்லிக்குடுத்தீங்க பிரேபென். எனக்குப் பிடிச்ச பாடமே இதுதான்" என்றான்.

முகத்தைப் பார்த்து, ஒரு திக்கல் இல்லாமல் சொன்னான். கேக்கைப் பிடித்தபடி நான் ஓவென்று அழுதேன்.